அம்மாவின் உதவியுடன்

என் மகளை நான் ஒரே ஒருமுறைதான் அடித்திருக்கிறேன். 2020 ஆகஸ்ட் மாதம். அப்போது அவளுக்கு ஐந்து வயது. யுகேஜி படித்துக்கொண்டிருந்தாள். படித்துக்கொண்டிருந்தாள் என்றால் வீட்டில் இருந்தாள். அந்த நேரத்தில் அவள் செய்துகொண்டிருந்தது, பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுக் கற்றல் தாளில் 'மனநலம்' என்ற தலைப்பின் கீழ் இருந்த பயிற்சி. நான் செய்துகொண்டிருந்தது, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குப் பிள்ளைத்தமிழ் நடத்துவது.

இதைப் பலமுறை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். துறை அறையில் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த ஆண்டைப் பற்றி ஆளுக்கொரு கதை அவர்களிடமும் இருக்கும். ஆனால் இந்தக் கதையின் பிற்பாதியை யாரிடமும் சொன்னதில்லை. அடித்ததைவிட அதற்குப் பிறகு செய்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

முதலில் அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். புதிய கல்வியாண்டு தொடங்கியபோது, மழலையருக்கு நேரலை வகுப்பு கிடையாது என்று மகளின் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஞாயிறு இரவும் குழுவில் ஒரு பிடிஎஃப் வரும். திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு நான்கு செயல்பாடுகள். அவை மோசமான தாள்கள் அல்ல. யாரோ ஒரு ஆசிரியை உட்கார்ந்து யோசித்துத்தான் தயாரித்திருந்தார். பயறு வகைகளைக் கலந்து வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பிரிப்பது. ஒரு தம்ளரிலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது. மொட்டைமாடியில் கண்ணை மூடி உட்கார்ந்து ஐந்து சத்தங்களைக் கேட்டுச் சொல்வது. மூச்சை மெதுவாக இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதுவதுபோல் விடுவது. வெள்ளிக்கிழமைகளில் மனநலப் பயிற்சி. இன்றைக்கு உனக்கு எதனால் மகிழ்ச்சி, எதனால் பயம் என்று படம் வரையச் சொல்வார்கள்.

ஒவ்வொரு செயல்பாட்டின் கீழும் சிறிய சாய்வெழுத்தில் ஒரு வரி இருக்கும். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால், 'அம்மாவின் உதவியுடன்.' சில இடங்களில் 'பெற்றோரின் உதவியுடன்' என்றும் இருந்தது. 'அப்பாவின் உதவியுடன்' என்று ஒரே இடத்தில் பார்த்தேன். காகிதப் பட்டம் செய்வதற்கு.

நாளுக்கு நான்கு செயல்பாடு என்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். பொருள் தேட வேண்டும். கோந்து காய்ந்து போயிருக்கும், கடை பதினோரு மணிக்குமேல்தான் திறக்கும். செய்து முடித்ததும் தரையைத் துடைக்க வேண்டும். பிறகு நல்ல வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, மாலை ஆறு மணிக்குள் குழுவில் போட வேண்டும். வகுப்பாசிரியை நட்சத்திரப் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புவார். எட்டரைக்கெல்லாம் சிலர் முதல் படத்தைப் போட்டுவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் பயறு நம் வீட்டுப் பயறைவிட நேராக அடுக்கப்பட்டிருக்கும். எனக்குத் தெரிந்தவரை அந்தக் குழுவில் இருந்த எண்கள் எல்லாம் அம்மாக்களுடையவை.

என் இணையர் வங்கியில் வேலை பார்க்கிறார். கிளையை மூடவில்லை. காலை ஒன்பதுக்குப் போய் இரவு ஏழரைக்கு வந்து, குளித்து, துணியைத் தனியாக ஊறவைத்துவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்குவார். வீட்டுவேலைக்கு வரும் அக்காவைத் தொற்றுக்குப் பயந்து வரவேண்டாம் என்று சொல்லியிருந்தோம். என் கல்லூரியிலோ ஆகஸ்டில் இணையவழி வகுப்புகள் தொடங்கிவிட்டன.

அந்த வெள்ளிக்கிழமை பயிற்சி, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு, இன்றைக்கு அவர் முகம் எப்படி இருக்கிறது என்று வரைந்து, வட்டங்களை வெட்டி ஒரு தாளில் ஒட்டுவது. பதினொன்றே காலுக்கு என் வகுப்பு. செங்கீரைப் பருவம். குழந்தை இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, தலையை நிமிர்த்தி ஆடுகிற ஐந்தாம் மாதம். அந்த அசைவைக் கண்டு தாய் மகிழ்ந்து பாடுவதாகக் கவிஞர் பாடியிருக்கிறார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். திரையில் அறுபது பெயர்கள், ஒரு முகமும் இல்லை. பாப்பா கதவைத் திறந்து வந்தாள். கையில் கத்தரிக்கோல். 'அம்மா, வட்டமா வெட்ட வரல.' கையால் பொறு என்று காட்டினேன். போனாள். திரும்ப வந்தாள். நான்காவது முறை வந்தபோது மடிக்கணினியின் மேல் கோந்துப் புட்டியைச் சாய்த்துவிட்டாள். நான் மைக்கை மியூட் செய்தேன். அவள் கையில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். அவள் அழுதுகொண்டே ஓடினாள். விசைப்பலகையை முந்தானையால் துடைத்துவிட்டு மியூட்டை எடுத்தேன். விட்ட இடத்திலிருந்து, அந்தத் தாய் மகிழ்ந்த இடத்திலிருந்து, தொடர்ந்தேன்.

இதுவரைதான் எல்லோரிடமும் சொல்கிற கதை.

வகுப்பு முடிந்து போய்ப் பார்த்தபோது அவள் தானாகவே வட்டங்களைக் கோணல்மாணலாக வெட்டி ஒட்டியிருந்தாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தொலைபேசியில் மட்டும் பார்க்கிற அம்மாச்சிக்கும் ஒரு வட்டம் இருந்தது, மூக்குத்தியோடு. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வட்டத்தில் கண் இருந்தது, பொட்டு இருந்தது, கண்ணாடி இருந்தது. வாய் இல்லை.

'அம்மாவுக்கு வாய் எங்க பாப்பா?'

'நீ மியூட்ல இருக்க.'

கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

மணி ஐந்தேமுக்கால். குழுவில் இருபதுக்கும் மேற்பட்ட தாள்கள் வந்துவிட்டன. எல்லா வட்டங்களிலும் எல்லா அம்மாக்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அந்த முகத்துக்கு ஒரு வாய் வரைந்தேன். மேல்நோக்கி வளைந்த வாய். புகைப்படம் எடுத்து அனுப்பினேன். நட்சத்திரம் வந்தது. பாப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

யாரிடமும் சொல்லாத பிற்பாதி இதுதான். என்னைப் பற்றி அவள் கண்டதைக் கண்டபடி வரைந்தாள். அந்தத் தாள் கேட்டதும் அதைத்தான். மனநலப் பயிற்சியை அவள் சரியாகச் செய்திருந்தாள். நான்தான் அதை அழித்துப் பொய்யாக்கினேன், அதுவும் அவள் கண்ணெதிரே. வீட்டில் என்ன நடந்தாலும் வெளியே அனுப்புகிற படத்தில் அம்மா சிரிக்க வேண்டும் என்பதை அன்றைக்கு அவளுக்குக் கற்பித்தவள் நான். அந்த மாதம் வீட்டில் நடந்த கற்றல்களில் மிக நன்றாகப் பதிந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று பயந்தேன்.

நான் முனைவர் பட்டம் பெற்றது பிள்ளைத்தமிழில். 12ஆம் நூற்றாண்டின் ஒட்டக்கூத்தரிடமிருந்து தொடங்கி 17ஆம் நூற்றாண்டின் குமரகுருபரர் வழியாக வந்து, பருவங்களையும் சந்தங்களையும் அட்டவணை போட்டவள். ஆண்பால், பெண்பால் என்று அந்த இலக்கியத்துக்கு இரண்டு வகை உண்டு. முதல் ஏழு பருவங்கள் இரண்டுக்கும் பொது. கடைசி மூன்று மட்டும் பிரியும். ஆண் குழந்தைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல். சில நூல்களில் கழங்கின் இடத்தில் நீராடல் வரும். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணலில் வீடு கட்டியிருப்பார்கள். ஆண் குழந்தை அதைக் காலால் அழிக்க வருவான். அழிக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுவதாகப் பாட்டு. மூன்று வயதுக்குள் யார் வீடு கட்டுவது, யார் இடிப்பது என்று தெளிவாகிவிடுகிறது. ஆய்வேட்டில் இதைப் 'பால்சார் விளையாட்டுகள்' என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

நான் கேட்காமல் விட்ட இன்னொன்று, அந்தத் தாய்க்குக் களைப்பு உண்டா என்பது. நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நூல்களைப் பாடியவர்கள் அனைவரும் ஆண்கள். தாயின் குரலை எடுத்துக்கொண்டு பாடினார்கள். அந்தக் குரலில் அவள் தாலாட்டுகிறாள், கைகொட்டச் சொல்கிறாள், முத்தம் கேட்கிறாள், நடந்து வரச் சொல்கிறாள். அடுப்பில் எதுவும் தீய்வதில்லை. அவளுக்குக் கோபம் வருகிற ஓர் இடம் உண்டு, அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வரும்படி நிலாவை அழைப்பார்கள். முதலில் நயமாகக் கேட்டு, பிறகு நிலாவையும் குழந்தையையும் ஒப்பிட்டு வேறுபடுத்தி, பிறகு கொடை சொல்லி, கடைசியில் வராவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று மிரட்டுவார்கள். சாம, பேத, தான, தண்டம் நான்கும் நிலாவின்மேல். ஐந்து ஆண்டு படித்த எனக்கு அந்த ஆகஸ்டில்தான் உறைத்தது. அந்தத் தாய்க்குத் திட்டுவதற்கு அனுமதிக்கப்பட்ட ஒரே ஆள் நிலாதான்.

செப்டம்பரில் மாவட்டங்களுக்கிடையே பேருந்து ஓடத் தொடங்கியதும் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து என் அம்மா திருச்சிக்கு வந்துவிட்டார். முகக்கவசத்துக்கு மேல் முந்தானையையும் சுற்றிக்கொண்டு, ஒரு பையில் முருங்கைக்காயும் இன்னொரு பையில் வீட்டுப் பல்லாங்குழிப் பலகையும் கொண்டுவந்தார். எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. இந்த நிம்மதியையும் சந்தேகப்பட வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். 'அம்மாவின் உதவியுடன்' என்ற வரியை நான் என் அம்மாவிடம் தள்ளிவிட்டேன், அவ்வளவுதான்.

அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. பாப்பாவை எதிரே உட்காரவைத்து முறத்தில் உளுந்தைக் கொட்டினார். 'கல்லு இருந்தா எடு தங்கம், இல்லேன்னா உங்கப்பா பல்லு போயிரும்.' பாப்பா அரைமணி நேரம் அசையவில்லை. தாளில் இதற்கு நுண்தசைப் பயிற்சி என்று பெயர். மாலையில் பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, அந்தக் குழிக்காரருக்கு. காலிக் குழி வந்தால் தடவிவிட்டு அடுத்த குழியில் இருப்பதை அள்ளலாம். எண்ணிக்கை தானாக வந்தது. அதைவிட, தோற்பது வந்தது. முதல் இரண்டு நாள் தோற்றதும் பலகையைத் தள்ளிவிட்டாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் சிதறிய கொட்டைகளைப் பொறுக்கினார். மூன்றாம் நாள் தோற்றதும் அவளே பொறுக்கினாள்.

அந்தக் காட்சியைப் பார்த்து எனக்கு ஒரு கட்டுரை உருவானது. நம் பாட்டிமார்களிடம் எல்லாம் இருந்தது, நாம்தான் பிடிஎஃப்பில் தேடுகிறோம் என்ற மாதிரி. நல்லவேளை, அதை எழுதும் முன் அம்மாவிடம் கேட்டேன். 'நீ சின்ன வயசுல நிறைய விளையாடியிருப்பியாம்மா?'

'எனக்கு எங்கடி நேரம்? புளி உடைக்கப் போவோம். கொட்டைய எடுத்துட்டுப் புளிய எடை போட்டுக் குடுத்தா காசு. கொட்டை சும்மா கெடக்கும். அதுல கொஞ்சம் மடியில கட்டிக்கிட்டு வருவேன், ஒங்க மாமனுக்கு எண்ணுச் சொல்லிக் குடுக்க.'

அம்மா அஞ்சாம் வகுப்போடு நின்றவர் என்பது எனக்குத் தெரியும். ஏன் நின்றார் என்பதை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். தம்பி பிறந்தான். பாட்டி நடவுக்குப் போக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பத்து வயதுச் சிறுமியை நிறுத்திவிட்டார்கள். அவர் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தார். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து சிரிக்கவைத்தார். கொட்டைகளை அடுக்கிக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார். மணலில் எழுத்து எழுதவைத்தார். மாமா பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதே நூறு வரை எண்ணுவாராம். பிற்காலத்தில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றார்.

'அவன் பணி ஓய்வு விழாவுல எல்லா வாத்தியாரு பேரையும் சொன்னான்' என்றார் அம்மா. 'நான் முன்வரிசையிலதான் உக்காந்திருந்தேன்.' சொல்லிவிட்டு உளுந்தைப் புடைக்கப் போய்விட்டார்.

வீட்டுக் கற்றல் என்பது எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல என்று எனக்குப் புரிந்தது. பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு சிறுமி, பள்ளிக்குப் போகப்போகும் ஒரு சிறுவனுக்குச் சம்பளமும் பெயரும் இல்லாமல் நடத்தியது அது. அந்தப் புளியங்கொட்டைகளைப் பார்த்து மரபு என்று நெகிழ்ந்துபோக எனக்கு அதன்பிறகு முடியவில்லை.

அந்தச் செப்டம்பர் இறுதியில்தான் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நேரப் பயன்பாட்டு ஆய்வறிக்கை வெளியானது. தொற்றுக்கு முன், 2019இல் எடுத்த கணக்கு. சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிப்பதில் பெண்கள் 134 நிமிடங்கள், ஆண்கள் 76. இதிலும் 97 என்பது வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான் அப்படி எதையாவது செய்கிறார்கள். பெண்களில் 81 பேர்.

இரவு சாப்பாட்டின்போது இதை இணையரிடம் வாசித்துக் காட்டினேன். 'நான்லாம் செய்யறேனே' என்றார். உண்மையாகவே அப்படி நம்பினார். சண்டை போடும் தெம்பு எனக்கு இல்லை. பாப்பா கேட்டாள், 'எத்தனைன்னு எண்ணலாமா?'

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பல்லாங்குழிப் பலகையைச் சமையலறை மேடையில் வைத்தோம். ஆளுக்கொரு குழி. யார் ஒரு வேலையைச் செய்து முடித்தாலும் அவர் குழியில் ஒரு கொட்டை போட வேண்டும். காவல் பாப்பா. பாத்திரம் கழுவினால் ஒன்று, துணி மடித்தால் ஒன்று, தண்ணீர் பிடித்தால் ஒன்று. மதியம் அவளுக்கே ஒரு சந்தேகம் வந்தது. 'என்னைக் குளிப்பாட்டினா வேலையா, பாசமா?' நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு கொட்டை போடு என்றேன்.

இரவு எண்ணினாள். எனக்கு 23. அம்மாச்சிக்கு 19. பாப்பாவுக்கு 6. அப்பாவுக்கு 4, அதில் ஒன்று பாப்பாவே இரக்கப்பட்டுப் போட்டது.

அம்மாவுக்குத்தான் கூச்சமாகிவிட்டது. 'மாப்பிள்ளை செய்யறதப் போயி எண்ணிக்கிட்டு, என்ன பழக்கம் இது!' என்று கொட்டைகளை அள்ளப் பார்த்தார். இணையர் தடுத்தார். தன் குழியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் இரவு பாத்திரம் முழுவதையும் அவர் கழுவினார். ஒரு வேலைக்கு இரண்டு கொட்டை போட்டுப் பிடிபட்டார். 'காட்டுப்பா, குழியக் காட்டு' என்று பாப்பா அவர் பின்னாலேயே அலைந்தாள். ஒரே இரவில் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான். மாதங்கள் ஆயின, சண்டைகளும் நடந்தன. ஆனால் சண்டைக்கு ஒரு கணக்கு இருந்தது. அதற்குமுன் என்னிடம் எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

அந்த நாட்களில் நாங்கள் கண்டுபிடித்த இன்னொரு பயிற்சியையும் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் மொட்டைமாடிக்குப் போவோம். நிலா இருந்தால் நிலாவை, இல்லாவிட்டால் அது இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்துத் திட்டுவோம். முறை வைத்து ஆளுக்கு மூன்று திட்டு. 'ஏ நிலா, எனக்குப் பள்ளிக்கூடம் போகணும், நீதான் பூட்டி வச்சிருக்க!' என்பாள் பாப்பா. 'ஏ நிலா, மூணு மணி நேரமா பேசினேன், ஒரு பிள்ளைகூட முகத்தைக் காட்டல!' என்பேன் நான். ஒருநாள் அவள் சொன்னாள், 'ஏ நிலா, எங்கம்மா என்னை அடிச்சாங்க.' நான் என் முறைக்காகக் காத்திருந்தேன். 'ஏ நிலா, நான் அடிச்சது தப்பு. பயமா இருந்துச்சு, கோவமா இருந்துச்சு, ரெண்டும் பாப்பா மேல இல்ல' என்றேன். அம்புலிப் பருவத்துக்கு நான் எழுதிய உரைகளில் எனக்குப் பிடித்தது இதுதான். குழந்தைக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் பெரியவள் தன் கோபத்துக்குப் பெயர் சொல்வதைப் பார்க்காமல், தன் கோபத்துக்குப் பெயர் சொல்லக் குழந்தை எங்கே கற்கும்?

தண்ணீர் ஊற்றும் பயிற்சியும் பயறு பிரிக்கும் பயிற்சியும் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடிப் படித்தேன். அந்த வழி மரியா மாண்டிசோரிக்குப் போகிறது. இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர். 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போன பிள்ளைகளுக்காகக் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். ஊற்றுவது, பொத்தான் போடுவது, பெருக்குவது, துடைப்பது எல்லாவற்றையும் ஆண், பெண் பிள்ளைகள் இருவருக்கும் கல்வியாக வைத்தார். தாயின் வேலையில் ஒரு பங்கைச் சமூகம் ஏற்றுக்கொள்வதே இது என்று அதே ஆண்டில் ஓர் உரையில் பேசியிருக்கிறார். வேலைக்குப் போகும் பெண் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லாமல் போகட்டும் என்பது அதில் ஒரு நோக்கம். அவருடைய பயிற்சிகள் நூறாண்டு கடந்து என் வீட்டுக்கு வந்தபோது, அந்த நோக்கம் மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. 'அம்மாவின் உதவியுடன்' என்று யாரோ சேர்த்துவிட்டார்கள்.

மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப்போர் அவரை இங்கேயே நிறுத்தியது, 1946வரை இந்தியாவில் இருந்தார். உடன் வந்தவர் மகன் மாரியோ. 1898இல் திருமணமாகாமல் பிறந்த மகன். பெற்றதும் கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர விட வேண்டியிருந்தது. பதின்ம வயதில்தான் அவன் தாயோடு வந்து சேர்ந்தான். அதன்பிறகும் நெடுங்காலம் வெளியுலகில் அவனைத் தன் மகன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. குழந்தைகளை அத்தனை கூர்மையாகக் கவனித்த பெண்ணுக்குத் தன் குழந்தையின் முதல் அடிகளைப் பார்க்கும் வாய்ப்பை அந்தச் சமூகம் கொடுக்கவில்லை. எல்லா அம்மாக்களும் சிரித்துக்கொண்டிருந்த அந்த வாட்ஸ்அப் குழுவை நினைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் வேலைக்குத் திரும்பி வந்த அக்கா, தன் மகனுக்கும் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டார். அவன் மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. ஒருமுறைகூட வகுப்பறையில் உட்காராத ஒன்றாம் வகுப்பு. மகிழ்ச்சியாகக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, 'எப்படிக்கா போகுது?' என்றேன். 'என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்ல ஆளில்லையே டீச்சரம்மா. நான் வீட்டுக்குப் போக ஏழாயிருது. அவன் பின்னாடி வெள்ளையா இருக்குன்னு பஸ்ஸு வரைஞ்சுக்கிட்டிருக்கான்' என்றார். நாலு வீட்டுக்கு உதவிவிட்டு ஏழு மணிக்குப் போகும் அம்மாவை அந்தத் தாள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அவன் வரைந்த பஸ்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஓட்டுநர் இருந்தார், பயணிகள் இருந்தார்கள், எல்லோரும் எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள்.

அவன் முதன்முதலாக ஒரு வகுப்பில் உட்கார்ந்தது அடுத்த ஆண்டு இறுதியில்தான். 2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை பள்ளி திறந்தது நவம்பர் 1ஆம் தேதி. ஏறத்தாழ பத்தொன்பது மாத இடைவெளிக்குப் பின். அக்காவின் தெருவில் தன்னார்வலராகச் சேர்ந்தவள் என் பழைய மாணவி. எம்.ஏ. முடித்து, திருமணத்துக்குக் காத்திருக்கவைக்கப்பட்டவள். மாலையில் ஒன்றரை மணி நேரம், தன் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகள். ஒருநாள் போய்ப் பார்த்தேன். முதல் சில வாரங்கள் அவள் எழுத்தே சொல்லிக்கொடுக்கவில்லை. 'பிள்ளைங்க பக்கத்துல பக்கத்துல உக்காரவே மறந்துட்டாங்க மேம். அதான் முதல்ல அஞ்சாங்கல், கதை, பாட்டு' என்றாள். அக்காவின் மகன் இன்னொரு பையன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அந்தத் தாள்கள் எழுதிப் பார்த்த மனநலம் எனக்கு அங்கேதான் கண்ணில் பட்டது.

அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலானோர் அவளைப் போன்ற பெண்கள். அவள் அதை வேலை என்றே சொன்னாள், நான்தான் மனதுக்குள் 'சேவை' என்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டையோடு வந்த சிறுமி ஞாபகத்துக்கு வந்தாள். பெண்களின் நேரம் மலிவானது என்ற கணக்கில்தான் குழந்தைகளின் நலம் எப்போதும் நிறைவேற்றப்படுகிறது. திண்ணை நல்லது. இருபது பிள்ளைகள் சேர்ந்திருப்பது நல்லது. அதற்குச் சரியான சம்பளமும் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. என் அம்மா நிறுத்தப்பட்ட வகுப்பு. போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தத் தாள் கிடைத்தது. கோந்து மஞ்சளாகிவிட்டது. அம்மாச்சியின் வட்டம் உதிர்ந்துவிட்டது. சிவப்பு வாய் அப்படியே இருந்தது. அவளிடம் காட்டினேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

'இந்த வாய் நீ வரைஞ்சதுதானே?' என்றாள்.

ஆமாம் என்றேன். நீ வரைந்ததுதான் சரி, நான் செய்தது தப்பு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

'அந்த மிஸ்ஸுக்குத் தெரியுமா?'

'தெரியாது.'

'அந்த க்ரூப்ல இருந்த மத்த அம்மாங்களுக்கு?'

'அவங்களுக்கும் தெரியாது.'

'அப்ப சொல்லிடும்மா' என்றாள்.